பனிக்காலத்தில் மீன் விரதம் இருப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மீன் விலை ஏறியது பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. விலை ஏறியது உண்மைதான். நானும் சந்தையில் விலை கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியவன். ஆனால் செய்தியின் கடைசி வரி, பனிக்காலத்தில் அணை மீன்களும் ஏரி மீன்களும் இரை எடுப்பதில்லை, அதனால்தான் வரத்து குறைந்தது என்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். சுருக்கி வெளியிட்டாலும் சரி, அந்த வரி தவறு என்று மட்டும் ஒரு மூலையில் போட்டாலும் சரி.

விலை ஏறிய காரணத்தைத் தேடி அணைக்குள் இறங்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் பாதிப் பேர் மாலை போட்டிருந்தார்கள். சபரிமலை முடிந்ததும் பழனிக்குக் காவடி. தைப்பூசம் கழிந்து அத்தனை பேரும் ஒரே வாரத்தில் மாலையைக் கழற்றிவிட்டு மீன் கடை முன்னால் வந்து நின்றால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அடுத்தது வலை. பவானிசாகரில் பரிசல்காரர்கள் போடுவது செவுள்வலை. அது மீனைத் தேடிப் போகாது. சாயங்காலம் கட்டிவிட்டு வந்தால், இரவில் மீன்தான் நீந்தி வந்து செவுளை மாட்டிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மீன் அலைச்சலைக் குறைத்துக்கொள்ளும். அலைச்சல் குறைந்தால் வலையில் விழுவதும் குறையும். போதாததற்கு, மழைக்குப் பிறகு தண்ணீர் பரந்து கிடக்கிறது. சித்திரையில் மிச்சத் தண்ணீரில் நெருக்கியடித்துக் கிடக்கும் மீன், இப்போது திசைக்கு ஒன்றாகச் சிதறி நிற்கிறது. வலையில் விழாததை வைத்து வயிறு காயப்போட்டிருக்கிறது என்று எழுதுவது, பந்திக்கு வராதவர்கள் எல்லோரும் விரதம் என்று சொல்வதைப் போல இருக்கிறது.

உங்கள் நிருபர் ஒரு நாள் மீன் வெட்டும் இடத்தில் அரை மணி நேரம் நிற்கட்டும். எனக்குத் தெரிந்த பரிசல்காரர் ஒருவர் இருக்கிறார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைப் பால்காரரே என்பார். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் என் கண் முன்னால் ஒரு மிர்கால் கெண்டையை அறுத்துக் காட்டினார். குடல் முழுக்கப் பாசியும் சேறும். பட்டினி கிடந்த வயிறு அப்படியா இருக்கும்?

என்னைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது முறையில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பால் கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டுகள் இருந்தேன். வயது 69. தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் பிறந்ததால் நடக்கத் தெரிந்ததும் தூண்டிலும் தெரிந்தது. சங்கத்தில் பால்மானியை மிதக்கவிடும் முன்பு பாலின் வெப்பத்தைப் பார்ப்போம். பால் சூடாக இருந்தால் பால்மானி கூடுதலாக முங்கி, நல்ல பாலையும் தண்ணீர் கலந்த பாலாகக் காட்டிவிடும். வெப்பம் தெரியாமல் எந்த அளவையும் நம்பாதே என்பது அந்த வேலை எனக்குக் கொடுத்த புத்தி. ஓய்வு பெற்ற அன்று பழைய வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைத்தான் பதினோரு ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

கரையோரத் தண்ணீரை அளப்பது சுலபம். ஆழத்துத் தண்ணீருக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கண்ணாடிப் புட்டியின் அடியில் ஈயக்குண்டு, வாயில் தக்கை மூடி, மூடிக்குத் தனியாக ஒரு கயிறு. புட்டியை இரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்கி, மூடியை வெடுக்கென்று இழுத்து, குமிழ் வருவது நின்றதும் மேலே தூக்கி உடனே வெப்பமானியை வைக்க வேண்டும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, சங்கத்தில் தண்ணீரைப் பாலில் தேடினீர்கள், இப்போது தண்ணீரில் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

தேடியது கிடைத்தது. மார்கழி விடியலில் எங்கள் குளத்தின் கரையோரம் 22 டிகிரி வரை இறங்குகிறது. அதே நேரம் ஆழத்தில் 24. வெயில் ஏறி பதினொரு மணிக்குப் பார்த்தால் கரையோரம் 25, 26 என்று போய்விடும். ஆழம் அதே 24-இல் நிற்கும். கரையோரம் இரவில் குளிர்ந்து பகலில் சூடேறுகிறது, ஆழத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் இல்லை. மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. அதனால் விடியலில் ஆழத்தில் நிற்கிறது, வெயில் ஏறினால் ஓரத்துக்கு வருகிறது. கோடையில் ஐந்தரைக்குப் போன பழக்கத்தில் தை மாதத்திலும் ஐந்தரைக்கே போய், மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்கிவிட்டு, எட்டு மணிக்கு மீன் இல்லை என்று வீட்டுக்குத் திரும்புகிறார்கள் நம் ஆட்கள். மீன் அப்போதுதான் இலை போட்டு உட்காருகிறது.

இதையெல்லாம் சொந்த ஊரில் மட்டும் பார்த்துச் சொன்னால் கிணற்றுத் தவளை என்பீர்கள். போன ஆண்டு மார்கழியும் தையும் நான் மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், சாண்ட்லர் என்ற ஊர். சுற்றிலும் சொனோரன் பாலைவனம். சகுவாரோ என்று ஒரு கள்ளி, தென்னை உயரத்துக்குக் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வறட்டு மலைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றின் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்: சால்ட் ரிவர். அதாவது உப்பாறு! தங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு உப்பாறு இருக்கிற தாராபுரத்துக்காரர்கள் சந்தோஷப்படட்டும். அந்த உப்பாற்றில் வரிசையாக நான்கு அணைகள். தலையில் இருக்கும் ரூஸ்வெல்ட் அணை 1911-இல் கட்டி முடித்தது. நம் பவானிசாகர் 1955.

நான் பார்த்தவரையில் அங்கே குளிர்காலம்தான் மீன்பிடிக்கு நல்ல காலம். கோடையில் வெளியே தலைகாட்ட முடியாது. பக்கத்துப் பீனிக்ஸ் நகரில் 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. குளிர்காலத்தில் ஊருக்குள் இருக்கும் பூங்கா ஏரிகளில் மாநில அரசின் வனவிலங்குத் துறை லாரியில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விடுகிறது. எந்த வாரம் எந்த ஏரியில் விடப்போகிறோம் என்று முன்கூட்டியே அட்டவணையும் போடுகிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ட்ரவுட். வெயில் ஏறியதும் ட்ரவுட் தாங்காது என்பதால் அதை நிறுத்திவிட்டு ஒரு வகைக் கெளுத்தி. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்த அதே ட்ரவுட்தான்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வெட்டரன்ஸ் ஓயாசிஸ் என்ற பூங்காவில் ஒரு ஏரி. என் வெப்பமானி பெட்டியில் துணியோடு துணியாகச் சுருண்டு வந்திருந்தது. ஜனவரி காலையில் விட்டுப் பார்த்தேன்: 11 டிகிரி. நம் மார்கழித் தண்ணீரில் பாதிச் சூடு. கையை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. அந்தத் தண்ணீரில் கரை முழுக்க ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயது நிறைந்தால் உரிமம் வேண்டும். எனக்கு வாங்கினோம், பேரனுக்கு எட்டு என்பதால் தேவைப்படவில்லை.

முதல் மூன்று நாள் எனக்கு அவமானம். கோதுமை மாவில் பெருங்காயம் போட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டிப் போட்டேன். தக்கை ஆடவே இல்லை. பேரன் ஒரு துண்டு மண்புழுவை மட்டும் மாட்டி இரண்டு ட்ரவுட் எடுத்தான். அப்பச்சி, உங்கள் உருண்டை மீனைவிடப் பெரிதாக இருக்கிறது என்றான். பிறகுதான் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பட்டாணி அளவு பசை, பூண்டு வாசம் தூக்கலாக, மிதக்கும் தன்மையோடு கடையில் விற்கிறது. ஈயக்குண்டு தரையில் கிடக்கும். அதிலிருந்து ஒன்றரை அடி தூண்டில் நரம்பு விட்டு முள். முள்ளில் இந்தப் பசை. பசை மிதப்பதால் முள் தரையிலிருந்து மேலே எழும்பி, பாசிக்கும் சேற்றுக்கும் மேலே நின்றுகொண்டிருக்கும். இரை சேற்றில் புதைந்துவிட்டால் குளிரில் மீன் மெனக்கெட்டுத் தோண்டாது. கண்ணெதிரே நின்றால் சும்மா போகிற போக்கில் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தைக்காகவே விமானச் செலவு தகும்.

மருமகனோடு வேலை செய்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் பிளெசன்ட் ஏரிக்குக் கூட்டிப்போனார். அது பெரிய நீர்த்தேக்கம். கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனத்தைக் கடந்து 540 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நம் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் என்று மார்தட்டிக்கொள்வேன், அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தண்ணீரைக் குளிர்காலத்தில் ஏரிக்குள் ஏற்றி நிரப்பி, கோடையில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே தேடும் மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். அதற்கு இரை என்ன தெரியுமா? நெத்திலி! உறைந்த நெத்திலியை இரண்டாக வெட்டி முள்ளில் கோத்து, அறுபது அடி ஆழத்துக்கு இறக்கினார். குழம்பு வைக்க வேண்டிய மீனை ஏரிக்குள் போடுகிறோமே என்று எனக்கு மனது கேட்கவில்லை. கோடையில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்காக நிற்கும், அடியில் காற்றோட்டம் இருக்காது, மீன் மேலேயே நிற்கும். குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்க, ஏரி முழுக்கக் கலந்து ஒன்றாகிவிடும், மீன் எந்த ஆழத்துக்கும் போகலாம் என்று விளக்கினார். இறக்கிய நெத்திலியை அவர் ஆட்டவே இல்லை. கடித்தபோதும் நரம்பு வெட்டி இழுக்கவில்லை, லேசாகக் கனத்தது, அவ்வளவுதான். கோடைக் கடிக்குப் பழகியவன் அதைக் காற்று என்று நினைத்து விட்டுவிடுவான்.

ஆக, 11 டிகிரித் தண்ணீரிலேயே மீன் இரை எடுக்கிறது. 22 டிகிரியில் எடுக்காதாம்!

சரி, நம் ஊருக்கு வருகிறேன். குளிரில் மீனுக்குச் செரிமானம் மெதுவாகிறது. எனவே குறைவாகத் தின்னும், துரத்தித் தின்னாது. இரை அதற்கேற்ப மாற வேண்டும். கோடையில் எலுமிச்சை என்றால் தையில் சுண்டைக்காய். கடலைப் புண்ணாக்கை முந்தின இரவே ஊறவைத்து, கோதுமை மாவு கொஞ்சம், புளித்த கம்பஞ்சோறு ஒரு பிடி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. மைதாவைக் குறைத்துவிடுங்கள்; குளிர்ந்த தண்ணீரில் மைதா உருண்டை கல்லாகி, வாசத்தை வெளியே விடாது. வாசத்துக்காகத் தேங்காய் எண்ணெய் கலப்பவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துபோகும். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் பார்க்கிறோமே, அதே கதைதான் தண்ணீருக்குள்ளும். நல்லெண்ணெய் ஊற்றுங்கள். வெப்பமானி இல்லாதவர்களுக்கு அந்தப் புட்டியே போதும்: காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் இன்னொரு காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம்.

பாலைவனத்து மிதக்கும் பசைக்கு நம் ஊரில் மாற்று இருக்கிறது. காய்ந்த சோளத்தட்டை உரித்து உள்ளே இருக்கும் நெட்டியில் மிளகு அளவு கிள்ளி, அதைச் சுற்றி மாவை வைத்து முள்ளில் குத்தினால் உருண்டை சேற்றுக்கு மேலே எழும்பி நிற்கும். இந்தத் தையில் ரோகு எனக்கு இதில்தான் கிடைத்தது. மிர்காலுக்கு இது வேண்டாம். அது அடியில் மேயும் மீன், இரை தரையிலேயே கிடக்கட்டும். கட்லா மேல்தண்ணீரில் நிற்பது, அதற்குத் தக்கையை மேலே ஏற்ற வேண்டும். ஜிலேபிதான் உண்மையில் குளிருக்குச் சுணங்குகிற மீன். உங்கள் நிருபரிடம் பேசியவர் ஜிலேபி மட்டும் பிடிப்பவராக இருந்திருக்கலாம். கெளுத்தி நேர்மாறு: இரவில் கோழிக்குடலோ நாக்குப்பூச்சி என்கிற மண்புழுவோ எதைப் போட்டாலும் எடுக்கிறது. நாக்குப்பூச்சிக்கு வயலைக் கொத்த வேண்டாம். பனியில் அவை கட்டுத்தரை ஓரத்து எருக்குழிக்குள் சூட்டுக்காக ஒதுங்கியிருக்கும், இரண்டு மண்வெட்டி போதும்.

இடமும் மாறும். இப்போது வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கிறது. வெயிலில் சூடான மேல்தண்ணீரை அது தெற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மத்தியானத்துக்குமேல் அந்தக் கரையில் உட்காருங்கள், முகம் குளிரும், தக்கை ஆடும். கரையில் கல் பதித்த இடமாக இருந்தால் இன்னும் நல்லது, கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பவானிசாகர் நீர்ப்பிடிப்புக்குள் இறங்க வேண்டாம். அது உரிமம் உள்ள பரிசல்காரர்களின் இடம். ஓரமெல்லாம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். தண்ணீரில் முதலை, கரையில் யானை. மாயாற்றில் இருக்கும் திமில் மாசீர் அழியும் தறுவாயில் இருக்கும் இனம். வலையில் வந்தால்கூட விட்டுவிடுவதாக அண்ணன் சொல்கிறார். குளம் குட்டைகளில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். மின்சாரம் வைத்துப் பிடிப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகும்.

இனி என் கோரிக்கை. நீங்கள் தினமும் அணை நிலவரம் போடுகிறீர்கள். 105 அடியில் இன்று எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி. விவசாயிகள் பாசனத்துக்காகப் படிக்கிறார்கள். நான் மீனுக்காகவும் படிக்கிறேன். டிசம்பர் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் முதல் போகத் தண்ணீரை நிறுத்தும்போது அணையில் மட்டம் அசையாமல் நிற்கும், மீன் ஓரங்களில் மேயும். ஜனவரியில் புன்செய்ப் பாசனத்துக்குத் திறந்ததும் மட்டம் இறங்க ஆரம்பிக்கும், மீன் ஓரத்தைவிட்டு ஆழத்துக்கு நகரும். இந்த வாரம் பரிசல்காரர்களின் வலை காலியாக வந்ததற்கு இது மூன்றாவது காரணம். உங்கள் பெட்டிச் செய்தியிலேயே இருந்தது, உங்கள் நிருபர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியில் தண்ணீரின் வெப்பத்தையும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். பெரிய கருவி எதுவும் தேவையில்லை, ஒரு பால் வெப்பமானி போதும். அணைக்கு ஆள் கிடைக்கும் வரை, எங்கள் குளத்து அளவை வாரம் ஒரு அஞ்சலட்டையில் நானே எழுதி அனுப்புகிறேன். முதல் வாரத்துடையதை இத்துடன் எழுதியிருக்கிறேன்:

இன்று காலை 6.40. கரையோரம் 22.5, ஆழத்தில் 24. லேசான வாடை. இரை, நெட்டி வைத்த புண்ணாக்கு உருண்டை. தக்கை முதலில் முங்கிய நேரம் 9.50. ரோகு ஒன்று, சுமார் முக்கால் கிலோ. குடலில் நிறையப் பாசி இருந்தது.

இப்படிக்கு,
பால் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.